ஆறு கிராம்

முப்பத்தொரு வருஷம்
கிளைபெடா துறைமுகத்தில்
தரையிலிருந்து நாற்பது மீட்டர் மேலே உட்கார்ந்திருந்தேன்.
காலடியில் கண்ணாடி, அதற்குக் கீழே கொக்கி,
கொக்கிக்குக் கீழே கப்பல்.
வயர்லெஸ்ஸில் என் பெயர் ஏழு.
ஏழு, இறக்கு. ஏழு, பொறு. ஏழு, காற்று கூடுது.
சாப்பாடு மேலேயே.
அழுகை இருந்தால் அதுவும் மேலேயே.

ஓய்வு பெற்ற அன்று
ஒரு மின்சாரக் கெட்டில் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டு இறங்கினேன், அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க கெட்டிலும் நானும்.
அது கொதிக்கும். நான் பார்ப்பேன்.
மகள் பெர்கனிலிருந்து கேட்பாள்,
"என்னம்மா செய்கிறாய்?"
"பார்க்கிறேன்."
"டிவியா?"
"இல்லை. சும்மா."

அக்டோபரில் ஒருநாள்
புகையிட்ட மீன் வாங்கப் போனவள்
பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.
கடைசி நிறுத்தம். காயலுக்குள் நீட்டிய மண்மூக்கு.
திரும்பும் வண்டிக்கு மூன்று மணி நேரம்.
மரத்தைவிட உயரமாய் வலைகள்.
வலைக்குள் ஓர் ஆள் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்.
பெயர் வைதோதாஸ்; உதவியாளனுக்குக் காய்ச்சலாம்.
"சும்மா நிற்கிறீர்களே, இதைப் பிடியுங்கள்"
என்று ஒரு துணிப்பையை நீட்டினார்.
காலிப் பை என்று நினைத்தேன்.
பை மூச்சு விட்டது.

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து.
மற்ற விரல்கள் கூரை.
அழுத்தக் கூடாது, விடவும் கூடாது.
பாடம் அவ்வளவே.
உச்சந்தலையில் ஒரு மஞ்சள் கீற்று.
கட்டைவிரல்குட்டி என்று பெயர் எங்கள் பேச்சில்.
தராசில் ஆறு கிராம்கூட இல்லை.

நாற்பது டன்னுக்கு நடுங்காத கை
இதற்கு நடுங்கியது.
அடிப்பது அதன் நெஞ்சா என் விரலா
தெரியவில்லை.
ஆடும் சுமையை அடக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்:
ஆடி முடிக்கட்டும் என்று இருப்பது.
இருந்தேன்.
வைதோதாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.
"எங்கே கற்றீர்கள்?"
எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு சந்தோஷம் என்று நினைப்பீர்கள்.
இல்லை, கோபம்.
இரண்டு முழங்காலும் துருப்பிடித்தபின்
அறுபத்துமூன்றில் வந்து கதவைத் தட்டுகிறாயே!
ஒன்றரை மணி நேரப் பயணம்தானே இது,
எத்தனை அக்டோபர் என் கண்ணாடிக்கு அப்பால்
சிதறிய மேகம் என்று எண்ணி
பார்க்காமல் விட்டவை எல்லாம் இவைதானா?
கெட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.
பள்ளம் விழுந்தது.
கெட்டிலில்தான்; சுவர் சோவியத் காலத்துச் சுவர்.

விடியுமுன் ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறினேன்.

நான்கு வருஷம் ஆகிறது.
வளையத்தில் எண் உண்டு, படிவத்தில் வரிசைகள் உண்டு.
வளையமிட்டவர் என்ற கட்டத்தில்
முதல்நாள் கை தானாக 'ஏழு' என்று எழுதியது.
அடித்துவிட்டு எழுதினேன்: கெனொவைதே.
என் பெயர் அவ்வளவு நீளம் என்று
எனக்கே அன்றுதான் தெரியும்.

ஒன்று என் கையிலேயே செத்தும் போனது.
வைதோதாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.
நிரப்பிவிட்டு
வலையோரம் வெகுநேரம் நின்றேன்.

"இதனால் என்னம்மா பயன்?" என்கிறாள் மகள்.
ஒரு எண் போட்டு அனுப்புகிறேன்,
யாரோ எங்கோ அதைப் படிக்கலாம்.
பெரும்பாலும் படிக்கமாட்டார்கள்.
அவளுக்கு இது போதவில்லை.
எனக்கு ஏன் போதுகிறது என்று
விளக்கத் தெரியவில்லை.

விரலைத் திறந்தபின்னும் சில பறக்காது.
திறந்தது தெரியாமல்
உள்ளங்கையிலேயே மல்லாந்து கிடக்கும்.
அப்போது நான் அசைவதில்லை.

கெட்டில் இப்போது நிலையத்தில் இருக்கிறது.
பள்ளம் விழுந்த பக்கம் சாய்ந்தபடி
கொதிக்கத்தான் செய்கிறது.
மூன்றாம் வலையில் ஏதோ அசைகிறது.
தேநீர் பொறுக்கும்.